நாலு விரற்கடை

அசையக் கூடாது என்று சொன்ன மறுநொடியே சண்முகவடிவுக்கு மூக்கு நுனி அரிக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர், முப்பத்தொரு பிள்ளைகளைக் கண்ணாலேயே கட்டிப்போட்டு உட்காரவைக்கிறவள், தன் ஒரு மூக்கை அடக்க முடியாமல் இந்த வெள்ளைக் குழாய்க்குள் மல்லாந்து கிடக்கிறாள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், இது நான்காவது தடவை. பழகியிருக்க வேண்டும், பழகவில்லை. காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்போன். வயிற்றின் மேல் பலகை மாதிரி ஒன்றை வைத்துப் பட்டையால் இறுக்கியிருக்கிறார்கள். இடது புறங்கையில் ஊசியைக் குத்திப் பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. "பாதி எடுத்ததும் உங்கள வெளிய இழுத்து, கையில ஒரு மருந்து போடுவேன் டீச்சர். அதுக்குப் பொறவு பத்தே நிமிஷம், வீட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மிஷினை ஓட்டுகிறவர் அவர்தான். அந்த மருந்தில்தான் இப்போது வடிவுக்குச் சிக்கல். வெளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் பதினான்கு கேள்விகள் இருந்தன. உடம்பில் இரும்பு உண்டா, இதயத்தில் கருவி உண்டா, பல்லில் கம்பி உண்டா. பன்னிரண்டாவது, கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது இருக்க வாய்ப்புண்டா, ஆம் எனில் மருந்து செலுத்தப்பட மாட்டாது. இல்லை என்று எழுதினாள். ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது, இல்லை என்று எழுதினாள். மற்ற பதிமூன்று கேள்விக்கும் எழுதிய அதே கையெழுத்தில், அதே குண்டு குண்டு எழுத்தில். பிள்ளைகள் பார்த்தெழுதினால் முட்டியில் அடிப்பாள், இவள் பொய்யெழுதினால் யார் அடிப்பது? டக், டக், டக் என்று யாரோ பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற சத்தத்தோடு மிஷின் ஆரம்பித்தது. மூக்கு இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி எழுதினோம் என்று யோசித்தால் ஒரு காரணமும் முழுசாக நிற்கவில்லை. பக்கத்தில் ஆவுடையப்பன் நின்றான், அது ஒன்று. அவள் புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் நின்று பேசச் சொன்னால் பேசுவான், தரையில் நின்றால் வாய் திறக்காத மனுஷன். அவள் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றவன், அவள் பன்னிரண்டைத் தாண்டியதும் "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டான். இப்போது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். சட்டைப் பையில் அவளுடைய தாலிச் செயின், ஒரு மோதிரம், இரண்டு கம்மல், மூக்குத்தி. ஒவ்வொரு தடவையும் தாலியைக் கழற்றச் சொல்லும்போது அவன் திரும்பி நின்றுகொள்வான், பார்க்கக் கூடாதது ஏதோ நடக்கிற மாதிரி. அத்தை, அவன் அம்மா, வீட்டிலிருந்து கிளம்பும்போதே மஞ்சள் துண்டு கட்டிய நூல்கயிறு கொடுத்துவிட்டிருந்தாள், "வெறுங்கழுத்தா மட்டும் படுத்துராத தாயி, மிஷினுக்கு மஞ்சள் ஒண்ணும் செய்யாது" என்று. அது இப்போது கழுத்துக் குழியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வியர்க்கக் கூடாத அளவுக்கு ஏ.சி. போட்டிருக்கிறார்கள், ஆனாலும் வியர்க்கிறது. இன்னொரு காரணம், சொன்னால் போய்விடும் என்ற பயம். போன தடவை நாற்பத்தைந்தாவது நாளே பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டாள், ஹெட்மாஸ்டர் முதல் சத்துணவு ஆயா வரைக்கும். எட்டாம் மாதத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. மூன்று நாள் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை நீட்ட மட்டும் ஓட்டை இருந்தது, அதன் வழியாக வடிவு ஒரு விரலை நீட்டினாள், அந்த விரலை அவள் பிடித்தாள். பிடித்தாள் என்றால் சும்மா இல்லை, கெட்டியாகப் பிடித்தாள். நர்ஸ் அம்மா வந்து "எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் பிடிக்கும்" என்று சொன்னது இன்னும் ஆறவில்லை. எல்லாப் பிள்ளையும் பிடித்தால் என்ன, இவள் பிடித்தது என் விரலை.

"மூச்சை இழுங்க. பிடிங்க. விட்டுருங்க." ஹெட்போனில் ஜெசிந்தா மேடத்தின் குரல். இழுத்தாள், பிடித்தாள். அந்தப் பிரசவத் தையல் ஆறி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் இந்த வீக்கம் வந்தது. தழும்புக்கு இடது பக்கம், தோலுக்கு அடியில், முதலில் ஒரு நெல்லிக்காய் அளவு. பிரசவம் பார்த்த டாக்டரம்மா தையல் முடிச்சு என்றாள். ஆறு மாதத்தில் அது வளர்ந்தபோது இன்னொருவர் குடலிறக்கம் என்றார், இடுப்புக்குப் பட்டை போடச் சொன்னார், பட்டை போட்டாள். பட்டைக்கு மேலும் கீழும் அது பிதுங்கியது. அந்த நாளில்தான் ஒரு தடவை திருநெல்வேலி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஒரு பாட்டையா எழுந்து, "உக்காரும்மா, மாசமா இருக்கிற பிள்ள நிக்கக் கூடாது" என்று இடம் கொடுத்தார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலோரத்தில் இருந்த பொம்பளை "எத்தன மாசம்?" என்று கேட்டாள். "அஞ்சு" என்றாள் வடிவு. அந்தப் பொம்பளை இறங்கிய வன்னிக்கோனேந்தல் வரைக்கும், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம், அவள் அஞ்சு மாசக்காரியாக உட்கார்ந்து வந்தாள். மாங்காய் பிடிக்குமா என்று அந்தப் பொம்பளை கேட்டாள், பிடிக்கும் என்றாள். பையனா பொம்பளப் பிள்ளையா என்ன ஆசை என்று கேட்டாள், பொம்பளப் பிள்ளை என்றாள். பொய் சொல்லிக் கிடைத்த முக்கால் மணி நேரத்தை அவள் அதற்குப் பிறகு பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். அன்று இல்லாததை உண்டு என்றாள், இன்று இருப்பதை இல்லை என்று எழுதிவிட்டாள். இருக்கிறதா என்று யாருக்குத்தான் தெரியும். மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கிச் சோதித்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். வாங்கவில்லை. சங்கரன்கோவிலில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் கடையில் ஒரு பழைய மாணவன் நிற்பான் என்பது வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். ஒரு கோடுதான் விழுந்தது என்றால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பது என்பது உள்ளே இருக்கிற காரணம்.

குடலிறக்கம் என்று நினைத்து ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக அது குடல் இல்லை, கட்டி என்றது ஸ்கேன். ஊசியை விட்டுச் சதை எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட் புற்றாக இருக்கலாம் என்றது. சதைத் துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகட்டைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வரப் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் ஆவுடையப்பன் வீட்டில் பழுதாகாத ஸ்விட்சை எல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டினான். சென்னையில் ஏதோ தனிச் சாயம் போட்டுப் பார்த்து, புற்று இல்லை, டெஸ்மாய்டு என்று எழுதினார்கள். "அப்பம் ஒண்ணும் இல்லைல்லா டாக்டர்?" என்றான் அவன். டாக்டர் தம்புராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான், ஆனால் பேச்சில் திருநெல்வேலி டவுன்காரர். "பரவாது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகாது. ஆனா இருக்கிற இடத்த விட்டும் போகாது. புண்ணு ஆறுறதுக்கு உடம்பு ஒரு சதைய வளக்கும் பாத்தீங்களா, அது ஆறினதும் நிப்பாட்டிரணும். இதுக்கு நிப்பாட்டத் தெரியல. ஆத்திக்கிட்டே இருக்கு." வெட்டி எடுத்துவிடலாமே என்றதற்கு, "முந்தி வெட்டினோம். வெட்டுன இடத்துலயே திரும்பி வரும், அதுவும் ஒரு புண்ணுதானே. இப்பம் முதல்ல சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் வைத்தியம். சிலது தானா அடங்கிரும்" என்றார். சும்மா பார்த்துக்கொண்டிருக்க டாக்டர் எதற்கு, அதற்குத்தான் ஊரில் ஆள் நிறைய இருக்கிறதே என்று பஸ்ஸில் வரும்போது ஆவுடையப்பன் சொன்னான். நெடுநாள் கழித்து இருவரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்த வார்த்தைதான் மனதில் நின்றது. ஆத்திக்கிட்டே இருக்கு. மூன்று நாள் இருந்துவிட்டுப் போனவள் போன வழியை உடம்பு அடைத்துக்கொண்டே இருக்கிறது, அடைத்து முடியவில்லை. சும்மா பார்த்தார்கள் எட்டு மாதம். அது வளர்ந்தது. போன புரட்டாசியில் மாத்திரை ஆரம்பித்தார் டாக்டர். மாத்திரை எடுக்கும் வரை பிள்ளை கண்டிப்பாகக் கூடாது, நிறுத்தி ஆறு மாதம் கழியும் வரையும் கூடாது, உள்ளே உண்டாவதை அந்த மருந்து கெடுத்துவிடும் என்றார். அதற்கப்புறமும் கட்டி அடங்கியிருக்க வேண்டும், பிள்ளை உண்டானால் சிலருக்கு அது மறுபடி கிளம்பும், சிலருக்குச் சும்மா கிடக்கும், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். "எனக்கு முப்பத்தாறு டாக்டர்" என்றாள். "தெரியும்மா" என்றார். ஆவுடையப்பன் அவசரமாக, "பிள்ளையெல்லாம் வேண்டாம் சார், இவ இருந்தாப் போதும்" என்றான். நல்ல மனுஷன். அந்த நல்ல வார்த்தைக்காக அவள் ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது சத்தம் மாறிவிட்டது. ஆணி அடிப்பது நின்று, மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு உறுமல். உள்ளங்கால் வரைக்கும் அதிர்கிறது. கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, முடியாது, பலகை இருக்கிறது, அசைந்தால் படம் கலங்கிவிடும், முதலிலிருந்து எடுப்பார்கள். தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. "தினம் பெசையாதீங்கம்மா, அது என்ன சப்பாத்தி மாவா?" என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே. குளிக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு வலது கையின் நாலு விரலையும் சேர்த்துக் கட்டியின் மேல் வைப்பாள். சுண்டுவிரல் தழும்போரம், ஆள்காட்டி விரல் மறுகோடி. சரியாக நாலு விரற்கடை. ஒரு நாள் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள், ஏழு சென்டிமீட்டர் என்று அது பட்டென்று சொன்னது. ரிப்போர்ட்டில் இருந்த அதே ஏழு. அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. ஸ்கேலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். விரல் என்றால் நம்முடையது, பார்த்துச் சொல்லும். தை மாதத்து ஸ்கேனில் அப்படியே இருக்கிறது என்றார்கள். விரலும் நாலு என்றது. மாசியில் பார்த்தால் நாலாவது விரல் முக்கால்வாசிதான் உட்கார்ந்தது, மீதி வெறும் வயிற்றில் தொங்கியது. பங்குனியில் மூன்றரை, சித்திரை முடியும்போது மூன்றே கால். பாத்ரூமுக்குள்ளேயே நின்று அழுதாள், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. யாரிடமும் சொல்லவில்லை. அடங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு, ஆறு மாதத்தை இன்றைக்கே எண்ணத் தொடங்கினால்தானே சீக்கிரம் முடியும் என்று மே மாத லீவில், பள்ளிக்கூடம் பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை, மாத்திரையை நிறுத்தினாள். தினம் இரண்டை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துச் சாக்கடையில் போட்டாள். எண்ணிக்கை குறையாவிட்டால் ஆவுடையப்பன் கண்டுபிடித்துவிடுவான். ஆறு மாதம் பொறுத்திருப்பாள், நிஜமாகவே பொறுத்திருப்பாள். ஆனி மாதத்தில் ஒரு நாள் சாரல் விடாமல் அடித்து, கம்பத்தில் ஏற முடியாது என்று அவன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று அவளுக்கும் பள்ளிக்கூடம் லீவு. தலையைத் துவட்டிக்கொண்டே "மாத்திர எடுத்துக்கிட்டிருக்க, வேண்டாம்" என்றான் அவன். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது" என்றாள் இவள். மழைச் சத்தத்தில் அது தன் குரல்தானா என்றே இருந்தது. அவ்வளவுதான், ஒரே ஒரு மத்தியானம். மாத்திரையை நிறுத்தி ஆறு வாரமே ஆகியிருந்தது.

"மூச்சை இழுங்க. பிடிங்க." பிடித்தாள். பிடித்த மூச்சுக்குள் எங்கிருந்தோ மோதிரம் வந்து நின்றது. உடை மாற்றும்போது மோதிரத்தைக் கழற்றினாள். கழற்றினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கையைக் கீழே தொங்கவிட்டாள், அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது, மோதிரம் என்றால் கழற்றத்தானே செய்யும் என்று ஒதுக்கினாள். ஒதுங்கவில்லை. பங்குனியில் இதே மோதிரம் விரலில் பூட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. சோப்பு போட்டாள், எண்ணெய் போட்டாள். கடைசியில் ஆவுடையப்பன்தான் தையல் நூலை விரலில் நெருக்க நெருக்கச் சுற்றி, நுனியை மோதிரத்துக்கு அடியில் விட்டு, மறுமுனையைப் பிரித்துப் பிரித்து அதை வெளியே நகர்த்தினான். வயர் சுற்றுகிற கை. விரலா அது, அவித்த கிழங்கு. மாத்திரையின் வேலை. உள்ளங்கை சிவந்து, தோல் தடித்து, விரலெல்லாம் உப்பி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இரண்டு வாரம் லீவு போட்டாள். "டீச்சர் மருதாணி வச்சிருக்காங்க" என்று முன்பெஞ்சுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது. நிறுத்தியதும் தோல் உரிந்து விழுந்து, விரல் பழையபடி மெலிந்துவிட்டது. மெலிந்த விரல். தடித்த விரல். "விட்டுருங்க" என்றது ஹெட்போன். அவள் விடவில்லை, மூச்சு அப்படியே நின்றது. தடித்த விரலைக் கொண்டல்லவா அளந்தோம். மூன்றரை என்றது தடித்த விரலில் மூன்றரை. கட்டி சிறுத்ததா, விரல் பெருத்ததா? வருஷா வருஷம் ஜூலை மாதம் மூன்றாம் வகுப்பில் அவளே நடத்துகிற பாடம் இது. பெஞ்சின் நீளத்தை ஆளுக்கொரு தடவை சாணால் அளக்கச் சொல்வாள். ஒருவனுக்கு ஒன்பது வரும், ஒருத்திக்குப் பதினொன்று வரும், தானும் அளந்து ஏழு என்பாள். பெஞ்சு மாறிச்சா, கை மாறிச்சா என்று கேட்பாள். கை மாறிச்சு டீச்சர் என்று முப்பத்தொரு வாயும் ஒன்றாகக் கத்தும். அதனாலதான் ஸ்கேல் என்று முடிப்பாள். போன வாரம்தான் நடத்தினாள். ஊருக்குத்தான் உபதேசம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அசையக் கூடாது என்று அடக்கினாள், அடக்கிய சிரிப்பு கண் வழியாக இறங்கிக் காதுப் பஞ்சுக்குள் போனது.

அப்படியானால் அது சிறுக்கவே இல்லை. ஒருவேளை இந்த இரண்டரை மாதத்தில் வளர்ந்தும் இருக்கும். இப்போது தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், மெலிந்த விரல் உண்மையைச் சொல்லும், ஆனால் தொட முடியாது. மாத்திரையை நிறுத்திய பிறகு ஒரு தடவைகூட அளக்கவில்லை, கண் பட்டுவிடும் என்று. யார் கண்? தன் கண்தான். சரி, மருந்து ஏறட்டும், படம் தெளிவாக வரட்டும், கட்டி எங்கெங்கே விழித்துக்கொண்டிருக்கிறது, எங்கெங்கே தூங்குகிறது என்று டாக்டர் பார்க்கட்டும், அதற்குத்தானே வந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று வந்தவள் உயிரை அல்லவா பார்க்க வேண்டும். இது டாக்டர் பேச்சு. ஒன்பது நாள் என்பது ஒன்றும் இல்லை, மாத்திரை சாப்பிட்ட உடம்பு, கணக்குத் தவறும், நாளைக்கே வந்துவிடும், வந்த பிறகு தாளில் எழுதியது உண்மையாகிவிடும். இது தாளைச் சரிக்கட்டுகிற ஹெட்மாஸ்டர் பேச்சு. இரண்டையும் கேட்டுக்கொண்டே கிடந்தாள், ஒன்றும் ஏறவில்லை. அவளுக்கு வேண்டும். அவ்வளவுதான். நியாயம், வயது, டாக்டர், ஆறு மாதம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அவளுக்கு வேண்டும். மாலை நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் முப்பத்தொன்றும் முப்பத்தொரு பக்கமாக ஓடும், ஒன்றுகூட அவள் பக்கம் ஓடி வராது, அந்த ஒரு நிமிஷம் அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நிற்பாள், ஏற்கெனவே துடைத்த பலகையை. அந்த நிமிஷத்துக்கு ஒரு முடிவு வேண்டும். கெட்டுப்போனதாக உண்டாகியிருந்தால்? விரல் இல்லாமல், கண் இல்லாமல்? அதையும் நினைத்துப் பார்த்தாள், நினைக்க நினைக்கக் குழாய் சுருங்குகிற மாதிரி இருந்தது. நான் செய்தேன். யாரும் செய்யவில்லை, சாக்கடையில் மாத்திரையைப் போட்டது நான், மழைச் சத்தத்தில் ஒண்ணும் ஆகாது என்றது நான். அப்படி இருந்தாலும் அது என்னிடம் வந்ததுதானே, வந்ததை இல்லை என்று எழுதினேனே. மூன்று நாள் இருந்தவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, ஆஸ்பத்திரித் தாளில் 'சண்முகவடிவு பேபி' என்றுதான் எழுதியிருந்தார்கள், அவளையாவது தாளில் உண்டு என்று எழுதினார்கள். சத்தம் சட்டென்று நின்றது. கட்டில் மெல்ல வெளியே நகர்ந்தது.

ஜெசிந்தா மேடம் கையில் இரண்டு சிரிஞ்சோடு நின்றார். "நல்லாப் படுத்திருந்தீங்க. நடுவுல ஒருக்க மட்டும் மூச்சை விடச் சொல்லியும் விடலை, பரவாயில்ல, திருப்பி எடுத்துட்டேன்." பிளாஸ்டரைத் தடவி, முதலில் உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். முழங்கை வரைக்கும் சில்லென்று ஏறியது. "இது சும்மா தண்ணி. அடுத்ததுதான் மருந்து." மற்ற சிரிஞ்சின் மூடியைக் கழற்றினார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அந்தத் தாள்ல நான் ஒண்ணு தப்பா எழுதிட்டேன்."

அவர் சிரிஞ்சைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தினார். எந்தக் கேள்வி என்று கேட்கவில்லை. இத்தனை வருஷமாகப் பொம்பளைகளை இந்தக் கட்டிலில் படுக்கவைத்து எடுத்தவர், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துபோனது போலிருக்கிறது. மூடியை மறுபடி மாட்டினார்.

"எத்தன நாளு?"

வடிவு சொன்னாள். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னாள். வாய் திறந்ததும் எல்லாம் வரிசை மாறி வந்தது, சாரல், விரல், மோதிரம், ஸ்கேல் என்று. ஜெசிந்தா மேடத்துக்குப் பாதி புரிந்திருக்காது. "சரி, சரி. அழாதீங்க. மருந்து போடலை. இதுவரைக்கும் எடுத்ததுல பயப்பட ஒண்ணும் இல்ல, நான் இப்பமே டாக்டருக்குப் போன் பண்ணுதேன். இன்னைக்கே ஒரு ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்" என்றார். வயிற்றுப் பட்டையை அவிழ்த்தார். பிறகு தயங்கி, "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"கூப்பிடட்டுமா?"

வடிவு எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கை அடிவயிற்றுக்குப் போனது, அளக்கப் போகவில்லை. "கூப்பிடுங்க" என்றாள்.

ஆவுடையப்பன் வாசலோடு நின்றான். அவன் சட்டைப் பையில் நகையும் இடுப்பில் சாவிக்கொத்தும் இருந்ததால் அதற்கு மேல் வரக் கூடாது என்று ஜெசிந்தா மேடம் சொல்லிவிட்டுப் போனைத் தேடிப் போய்விட்டார். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம். அவன் முகம் வெளுத்திருந்தது.

"என்னட்டி, பெருசாயிட்டா அது?"

"அதப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல. பெருசாத்தான் இருக்கும்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நான் மே மாசமே மாத்திரைய நிப்பாட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லல. தினம் சாக்கடையில போட்டேன். இப்பம் தள்ளிப்போயிருக்கு. அந்தத் தாள்ல பொய் எழுதிட்டேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளை வேண்டாம், நீ இருந்தாப் போதும் என்று மறுபடி சொன்னால்தான் தாங்காது. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கம்பத்தில் ஏறுகிறவன் கீழே பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான்.

"ஒம்பது நாளு ஆச்சு" என்றாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பத்து" என்றான் ஆவுடையப்பன். "போன மாசம் நீ தூரமாகிப் படுத்த அன்னைலருந்து நாளு எண்ணிக்கிட்டு வாரேன். தள்ளிப்போயி இன்னைக்கோட பத்து."